வரைவுத் திட்டம் வந்தால் சங்கம் என்ன செய்வது? ராமநாதபுரம் கடலோரத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

குடியிருப்போர் நலச் சங்கம் என்றால் தெருவிளக்கு, குப்பை வண்டி, காவிரித் தண்ணீர் என்று மூன்று மனுக்களோடு வருடம் ஓடிவிடும். நடுவில் ஒருநாள் நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். வரைவுத் திட்டம் தயார், ஆட்சேபனை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று. யாராவது அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், எல்லோரும் கொதிப்பார்கள், இரண்டு நாளில் அடங்கிவிடும். கெடு முடியும் அன்று அலுவலகக் கோப்பில் நம் தெருவிலிருந்து ஒரு தாள்கூட இருக்காது.

அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது, யாரிடம் எப்போது கொடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சங்கச் செயலாளராகவோ, ஊர்க் கமிட்டியில் எழுதத் தெரிந்த இளைஞராகவோ, வேலை மாற்றலில் வந்து வீடு கட்டிக் குடியேறியவராகவோ இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வரி ரசீதைப் பாருங்கள்

சிரிக்க வேண்டாம். தாங்கள் நகராட்சிக்குள் இருக்கிறோமா ஊராட்சிக்குள் இருக்கிறோமா என்று தெரியாமலே மனு எழுதுகிறவர்கள் நிறைய. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்றவை கூட்டம் எவ்வளவு பெருகியிருந்தாலும் ஊராட்சிகள்தான். நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். முகவரி மாறிப்போன மனு மேஜை மேஜையாகச் சுற்றுவதற்குள் கெடு முடிந்துவிடும்.

ஊராட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகும் கிராம சபை கூடியது. ஆகவே தலைவர் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆனால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். சொந்த ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். முதலில் பெயரை மாற்றுங்கள். குறைவெண்ணும் உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். சங்கம் முப்பது பேரோடு போய்த் தீர்மானம் போட்டுவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-இல் வந்தன. அவை எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்பது உங்கள் வார்டு உறுப்பினரைப் பொறுத்தது.

சங்கமும் அதற்கு மூத்தவர்களும்

பதிவு செய்வது கடினமல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். துணைவிதி எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். துணைவிதியின் நோக்கங்களில் 'பகுதியின் நிலப்பயன்பாடு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் தொடர்பான அரசுத் திட்டங்கள் மீது கருத்துத் தெரிவித்தல்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய மறக்காதீர்கள். பதிவு இல்லாவிட்டாலும் ஆட்சேபனை கொடுக்கலாம்தான், தனிமனிதரே கொடுக்கலாம். ஆனால் ஒரு லெட்டர்பேடும் பதிவு எண்ணும் இருந்தால் எழுத்தர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்க்கிறார். அதுதான் நடைமுறை.

இந்தக் கரையில் தெருச் சங்கம் என்பது கடைசியாக வந்த பிள்ளை. அதற்கு முன்பே ஊர்க் கமிட்டி இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, பங்குப் பேரவை இருக்கிறது, விசைப்படகுச் சங்கம், நாட்டுப்படகுச் சங்கம், வியாபாரிகள் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு என்று பட்டியல் நீளும். இவர்கள் அரசு சொல்வதற்குக் காத்திருக்காமல் தாங்களே பேசி ஏற்பாடு செய்து பழகியவர்கள். பாக் ஜலசந்திப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று நடக்கும் முறையே இரு தரப்பும் மோதி, பேசி, அரசை நடுவில் வைத்து வந்ததுதான். பணி ஓய்வு பெற்று வந்த நாலு பேர் புதிதாகச் சங்கம் தொடங்கி, ஊர்த் தலைவரைப் பார்க்காமல் 'கடற்கரையை அழகுபடுத்த வேண்டும்' என்று ஆட்சியருக்கு மனு கொடுத்தால் என்ன ஆகும்? அந்த அழகில் வலை காயப்போடும் இடமும் சேர்ந்து போகும். அப்புறம் ஐந்து வருடத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எழுதுவதற்கு முன்னால் தலைவரையும் ஜமாஅத் செயலாளரையும் நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம்.

எந்தத் திட்டம், யார் கையில், எத்தனை நாள்

இதில் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, நகரத்துக்கான முழுமைத் திட்டம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி வருவது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம், எங்கே சாலை அகலமாகப் போகிறது என்று நிறம் தீட்டியிருப்பார்கள். வரைவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து ஆட்சேபனைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் தர வேண்டும். நிதானமாகச் செய்ய இதில்தான் நேரம் உண்டு. ஒரு தனி மனையின் நிலப்பயன்பாட்டை மாற்றும்போதும் அறிவிப்பு வரும். அவற்றைக் கவனிக்க ஒரு ஆளைப் போடுங்கள்.

இரண்டு, கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். நம் ஆட்களுக்கு இதுதான் வாழ்வும் சாவும். 2019 ஜனவரி 18 தேதியிட்ட ஒன்றிய அரசின் அறிவிக்கையின்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து பொதுவாக 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஊரகப் பகுதியில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் அது 3ஏ என்ற வகை. கட்டுமானம் கூடாத பகுதி அங்கே 50 மீட்டர்தான். அதைவிட நெருக்கம் குறைந்த ஊர் 3பி, அங்கே 200 மீட்டர். 3ஏ என்றால் மீனவருக்கு வீடு கட்ட இடம் கிடைக்கும் என்று ஒரு பக்கம் சொல்வார்கள். ரிசார்ட்டுக்காரனுக்கும் அதே 50 மீட்டர்தான் என்பதை இன்னொரு பக்கம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்று, தனித் திட்டங்கள்: துறைமுகம், அனல்மின் நிலையம், பெரிய கட்டுமானம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இவற்றுக்குப் பொருந்தும். கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் வகை என்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் கூட்டம் நடக்காது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2' என்ற வகைக்கு மாற்றினார்கள். அந்த வகைக்குக் கருத்துக் கேட்பு கிடையாது. 2025-இல் நம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்ட செய்தி மக்களுக்குத் திடீரென்று தெரியவந்ததற்கு இதுதான் காரணம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாநில அரசே அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. இப்படிப்பட்டவை, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான ஒன்றிய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் முன்கூட்டியே தென்படும். மாவட்டப் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை தேடும் வேலையைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

விமான நிலையம் மாதிரி பட்ஜெட் அறிவிப்புகளுக்கு உடனே போஸ்டர் அடிக்காதீர்கள். 2025-26 மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரம் விமான நிலையம் சொல்லப்பட்டதும் ஆளாளுக்கு ஒரு ஊரைச் சொன்னார்கள், மனை விலை ஏறியதுதான் மிச்சம். அறிவிப்பு வேறு, வரைவு வேறு. கெடு ஓடத் தொடங்குவது வரைவுக்குத்தான்.

காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நடங்கள்

வரைபடத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள், பிரிண்ட் போடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசு இணையதளத்திலோ புலப்பட நகலை (சர்வே எண் வாரியான நில அளவை வரைபடத்தை) எடுங்கள். ஓய்வு பெற்ற சர்வேயர் யாராவது ஊரில் இருந்தால் அவர் காலைப் பிடித்தாவது கூட அழைத்துப் போங்கள்.

ஏன் நடக்க வேண்டும்? வரைபடத்தில் 'காலி மணல்' என்று தெரிகிற இடம் இங்கே அநேகமாகக் காலி இல்லை. கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடம், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் பின்னால் நகர்ந்து, பக்கவாட்டில் நெருங்கி, கடைசியில் மடி கரையேறும்போது ஒன்றாகச் சேரும். அதற்கு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் வேண்டும் என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். பத்து மணிக்கு ஜீப்பில் வருகிற அதிகாரி பார்ப்பது சுருட்டிவைத்த கயிற்றை மட்டும்தான். அந்த மணலில் நடைபாதையும் சிமெண்டு பெஞ்சும் வந்தால் ஒரு பாடு போச்சு.

இன்னொன்று, பருவம். பாம்பன், மண்டபம் ஆட்கள் ஒரு பக்கத்தை வடகடல் என்பார்கள், மறுபக்கத்தைத் தென்கடல் என்பார்கள். வாடைக் காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், நாட்டுப்படகுகள் தென்கரைக்கு மாறும். தென்மேற்குக் காற்றில் அதற்கு நேர்மாறு. எனவே ஜூலையில் கணக்கெடுக்க வந்தவர் தென்கரையைப் பார்த்து 'படகு நிறுத்தம் இல்லை' என்று குறித்துக்கொண்டு போவதில் அவர் கண்ணுக்குத் தப்பு இல்லை. டிசம்பரில் அதே இடத்தில் கால்வைக்க இடம் இருக்காது. இந்த ஒரு விஷயத்தைத் தேதியுள்ள படங்களோடு எழுதிக் கொடுத்தால், பத்துப் பக்கக் கோஷத்தைவிட அது பேசும். இரண்டு பருவத்துப் படமும் வேண்டும். அதனால் திட்டம் எதுவும் இல்லாத காலத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீனவர் குடியிருப்பு, அவர்களின் வருங்கால வீட்டுத் தேவை, படகுத்துறை, மீன் காயவைக்கும் களம் எல்லாம் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. வரைவுகளில் இவை விடுபட்டிருக்கின்றன என்பது கடலோர மாவட்டங்கள் எல்லாவற்றிலும் எழுந்த புகார். எனவே நடக்கும்போது விட்டுவிடாமல் குறியுங்கள்: படகு ஏற்றும் இடம், வலை பின்னும் கொட்டகை, கருவாட்டுக் களம், கடற்பாசி காயவைக்கும் திட்டு, ஏலம் விடும் இடம், கடலுக்குப் போகும் சந்து, ஊருணி, மழைத் தண்ணீர் வடியும் ஓடை, மயானம், கபர்ஸ்தான், குருசடி. ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், போனில் எடுத்த இடக்குறி, ஒரு படம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது, நாலைந்து பேர் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

கூட்டம்

யார் வர வேண்டும் என்பதைப் பொறுத்து நேரம் வையுங்கள். வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை பூசை, விசைப்படகு கடலுக்குப் போகும் நாள்கள் மூன்றும் கழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். பெரிய விஷயங்களை அப்போது பேசி முடிக்கலாம். கருவாடு போடும் பெண்களும் பாசி எடுக்கும் பெண்களும் எந்தக் கமிட்டியிலும் இல்லை என்பதால் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாசிப் பெண்களைச் சும்மா சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின், தீவுப் பக்கம் பாசி எடுப்பது குற்றமாகிவிட்டது. பாம்பன் சின்னப்பாலம் பெண்கள் 'எங்களை விடுங்கள்' என்று மட்டும் கேட்கவில்லை. மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களில் முன்னணியில் நின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. நாங்கள் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்கிற கோரிக்கைக்கு அதிகாரியால் பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கரையில் சங்கம் நடத்துகிற எவரும் படிக்க வேண்டிய பாடம் அந்தப் பெண்களிடம்தான் இருக்கிறது.

கூட்டம் தொடங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்துக்குப் பக்கத்தில் யாருக்காவது மனை இருக்கிறதா, லாட்ஜ் இருக்கிறதா, ஒப்பந்தம் எடுக்கும் உத்தேசம் இருக்கிறதா? இருந்தால் தப்பில்லை, பேசட்டும். ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டு, ஓட்டெடுப்பில் ஒதுங்கி இருக்கட்டும். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இந்த ஒன்றில்தான். கருத்து பிரிந்தால் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று உள்ளபடி எழுதுங்கள். 'ஏகமனதாக' என்று பொய் எழுதினால், எதிர்த்தவர்கள் மறுநாளே தனி மனு கொடுப்பார்கள்.

எழுதும் விதம்

'இத்திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பது மேடைக்குச் சரி. கோப்புக்கு வேறு மாதிரி வேண்டும். எந்த அறிவிப்பு, எந்த இடம், அங்கே இப்போது என்ன நடக்கிறது, வரைவில் என்ன தப்பு, அதற்குப் பதில் என்ன. அவ்வளவுதான். மாதிரிக்கு:

"பார்வையில் காணும் அறிவிப்பின்படி வெளியான வரைவு வரைபடத்தில், ….. கிராமம் சர்வே எண் ….. காலி நிலமாகக் காட்டப்பட்டுள்ளது. மேற்படி இடம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நாட்டுப்படகுகள் நிறுத்தும் இடமாகவும், ஆண்டு முழுவதும் கருவாட்டுக் களமாகவும் பயன்பாட்டில் உள்ளது (படங்கள் இணைப்பு 1). எனவே இதனை மீனவர் பொதுப் பயன்பாட்டு இடமாகக் குறிக்கவும், உத்தேச வாகன நிறுத்தத்தை சர்வே எண் ….. இல் உள்ள அரசுப் புறம்போக்கில் அமைக்கப் பரிசீலிக்கவும் ….. தேதியிட்ட பொதுக்குழுத் தீர்மானத்தின்படி கேட்டுக்கொள்கிறோம்."

மாற்று இடம் சொல்வது முக்கியம். ஆனால் அந்த மாற்று இடத்துக்காரர்களைக் கேட்காமல் சொல்லாதீர்கள், தெருச் சண்டையில் முடியும். ஒரு விஷயத்துக்கு ஒரு மனு. தெருநாய்த் தொல்லையை இதில் சேர்க்க வேண்டாம்.

கொடுப்பதும் பேசுவதும்

இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 'வச்சுட்டுப் போங்க சார்' என்று சொல்லும் மேஜைகள் உண்டு. அப்படியானால் அன்றே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பட்டணம்காத்தானில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு நகல் கொடுத்து எண் வாங்குவதும் நல்லது. ஆனால் சட்டப்படி ஆட்சேபனை போக வேண்டிய முகவரி அறிவிப்பில் இருப்பதுதான். திங்கட்கிழமை மனு அதற்கு மாற்று ஆகாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், ஆட்சியரோ அவர் நியமிக்கும் மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபனை. கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்படும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பாதிப் பேர் கோபத்தில் வெளிநடப்பு செய்துவிட்டுப் போனால் யார் அதைக் கேட்பது? அந்தக் கூட்டத்துக்குக் குறைவெண் கிடையாது. நீங்கள் இல்லாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. கடைசி வரை உட்காருங்கள், நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளியே நின்று கேட்பது மட்டும் வழியல்ல. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் சங்கத்துக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. ராமேஸ்வரத்தில் சங்குக் கடை, தள்ளுவண்டி, ரத வீதி நெரிசல் என்று ஓயாமல் புகார் எழுதும் சங்கங்கள் அந்த நாற்காலியைக் கேட்டிருக்கின்றனவா? வியாபாரிகளுக்கும் அதே மேஜையில் இடம் இருப்பதால் பேச்சு கொஞ்சம் மரியாதையாகவும் நடக்கும்.

கொடுத்த பிறகு

ஒரு மாதம் பொறுத்து, மனுவின் நிலை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாளில் பதில் வர வேண்டும். சங்கத்தின் பெயரில் போடாமல் ஒரு தனிநபர் பெயரில் போடுங்கள். சட்டம் அந்த உரிமையைக் குடிமகனுக்குத்தான் கொடுக்கிறது, சங்கத்தின் பெயரில் வந்தது என்றே திருப்பி அனுப்ப இடமுண்டு.

இறுதி வரைபடம் வெளியானதும் வரைவை அதன் பக்கத்தில் வைத்து, நீங்கள் குறித்த சர்வே எண்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே கிடைத்துவிட்டால் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை அனுமதிக்கலாம், அதற்கு மேல் ஒருநாள்கூட இல்லை. அங்கே போகும்போது வக்கீல் முதலில் கேட்பது முத்திரை வாங்கிய அந்த நகலைத்தான்.

நிர்வாகிகள் மாறும்போது மினிட்ஸ் புத்தகம், முத்திரை நகல்கள், இரண்டு பருவத்துப் படங்கள், பரிவேஷ் தேடும் பிள்ளையின் போன் நம்பர் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதிய செயலாளரிடம் ஒப்படையுங்கள். பழைய செயலாளர் வீட்டுப் பரணில் அவை இருந்தால், அடுத்த வரைவு வரும்போது மறுபடியும் வரி ரசீதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.